வீட்டுக்கு எந்த வயரிங், வணிகக் கட்டடத்துக்கு எந்த வயரிங்: விதிகளை வைத்து ஓர் ஒப்பீடு

கட்டடம் எழும்பும்போது வயரிங் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்த பிராண்டு வயர், எத்தனை பாயிண்ட் என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது. அதைவிடப் பெரிய முடிவு ஒன்று இருக்கிறது. வயர் எதற்குள், எந்த வழியாகப் போகப்போகிறது? பிளாஸ்டிக் குழாய்க்குள்ளா, பூச்சுக்குள் நேரடியாகவா, இரும்புக் குழாயிலா, கேபிள்களைத் திறந்தபடி தாங்கும் கேபிள் ட்ரேயிலா, உலோகக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிளாகவா? சுவிட்சை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபியை அரை மணி நேரத்தில் மாற்றலாம். சுவருக்குள் போன பாதையை மாற்ற வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும். அதனால் வரைபடம் கையில் இருக்கும்போதே இதை முடிவு செய்துவிட வேண்டும். கொத்தனார் காடி வெட்ட ஆரம்பித்த பிறகு யோசித்தால் பயனில்லை.

விதிப் புத்தகங்கள் நாட்டுக்கு நாடு வேறு. சர்வதேசத் தரம் ஐஇசி 60364. பிரிட்டனின் பிஎஸ் 7671, இந்தியாவின் ஐஎஸ் 732 இரண்டும் ஏறக்குறைய அதே அடித்தளத்தில் நிற்பவை. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 70 தனி மரபு. 1897-இல் தொடங்கி, இப்போது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு வருகிறது. பிரிட்டனில் பூச்சுக்குள் நேரடியாகப் புதைக்க அனுமதிக்கும் கேபிளை வேறோர் ஊரில் இன்ஸ்பெக்டர் பார்த்தவுடன் பிடுங்கச் சொல்லலாம். ஆனாலும் எல்லாப் புத்தகங்களும் கேபிளைப் பார்த்து மூன்று விஷயங்களைத்தான் கேட்கின்றன: இது சூடேறுமா? யாராவது இதைக் காயப்படுத்துவார்களா? இது எரிந்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடியுமா? வீட்டில் முதல் இரண்டு கேள்விகளுக்கு எடை அதிகம். வணிகக் கட்டடத்தில் மூன்றாவது கேள்வி மற்ற இரண்டையும் தாண்டி வந்துவிடுகிறது. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

ஒரே வயர், மூன்று ஆம்பியர்

முதலில் ஒரு கணக்கு. இது தெரியாமல் எந்த முறையையும் ஒப்பிட முடியாது.

2.5 சதுர மி.மீ. செப்பு வயர், பிவிசி உறை, சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரி. இது எத்தனை ஆம்பியர் தாங்கும்? கடையில் கேட்டால் ஒரே ஒரு எண் சொல்வார்கள். ஐஇசி அட்டவணை ஒரே எண் சொல்வதில்லை. வெப்பத் தடுப்புப் பஞ்சு நிரப்பிய சுவருக்குள் குழாயில் போனால் 19.5 ஆம்பியர். செங்கல் சுவரில் புதைத்த குழாயில் போனால் 24. அதே அளவுள்ள உறையிட்ட கேபிளைச் சுவர்மேல் கிளிப் போட்டு ஓட்டினால் 27. செம்பு அதேதான், பிவிசியும் அதேதான். உள்ளே உண்டாகும் சூடு எவ்வளவு சுலபமாக வெளியேறுகிறது என்பது மட்டும்தான் மாறுகிறது.

இப்போது வெப்பமான இடத்துக்கு வருவோம். சுற்றுப்புறம் 40 டிகிரி என்றால் பிவிசிக்கு 0.87-ஆல் பெருக்க வேண்டும். ஒரே குழாயில் மூன்று சர்க்யூட்டுகளைத் திணித்தால் மேலும் 0.70. ஆக 24 ஆம்பியர் என்று நினைத்த வயர் உண்மையில் 14.6 ஆம்பியர்தான் தாங்கும். அதன் தலையில் 20 ஆம்பியர் எம்சிபி இருந்தால், வயர் தன் அளவைத் தாண்டிச் சூடாகிக்கொண்டே இருக்கும், எம்சிபி விழாது. வெளியில் எதுவும் தெரியாது. சில வருடங்களில் உறை முறுகி, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். குழாயில் போகும் சர்க்யூட்டுகளில் ஏதாவது ஒன்று தன் தாங்குதிறனில் 30 சதவீதத்துக்கு மேல் எப்போதும் சுமக்காது என்றால், அதைக் கூட்டத்தில் சேர்த்து எண்ண வேண்டியதில்லை என்று விதியே சலுகை தருகிறது. விளக்கு சர்க்யூட்டுகள் பெரும்பாலும் இந்தச் சலுகைக்குள் வந்துவிடும். ஏசி, வாட்டர் ஹீட்டர் சர்க்யூட்டுகள் வராது. அவற்றுக்குத் தனிக் குழாய் கொடுப்பதைப் போல மலிவான பாதுகாப்பு வேறில்லை.

தூரத்தையும் மறந்துவிடக் கூடாது. பொது விநியோகத்திலிருந்து வரும் இணைப்பில், விளக்குகளுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் வரை மின்னழுத்தம் குறையலாம் என்பது வழக்கமான வரம்பு. 2.5 சதுர மி.மீ. வயரில் ஒரு மீட்டருக்கு, ஒரு ஆம்பியருக்கு ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் இழப்பு. 20 ஆம்பியரை 40 மீட்டர் கொண்டுபோனால் 14.4 வோல்ட் போய்விடும். 230-இல் அது 6 சதவீதத்துக்கு மேல். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 8.8 வோல்ட், வரம்புக்குள் வந்துவிடும். வீட்டில் 40 மீட்டர் ஓட்டம் அபூர்வம். அலுவலகத்திலும் கடைத்தொகுதியிலும் அது சாதாரணம். வீட்டு வயரிங் அளவுகளையே அப்படியே வணிகக் கட்டடத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம் முதலில் தோற்பது இங்கேதான்.

வீடு: குழாயா, நேரடிக் கேபிளா?

வீட்டுக்கு நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, பிவிசி கான்ட்யூட் பைப்பைச் சுவரிலும் தளத்திலும் புதைத்து, ஒற்றை வயர்களை உள்ளே இழுப்பது. இன்னொன்று, பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரே மேலுறைக்குள் இருக்கும் கேபிளை நேரடியாக ஓட்டுவது. அது மரச்சட்டச் சுவர்களின் ஊடாகவும் போகலாம், செங்கல் சுவரின் பூச்சுக்குள்ளும் போகலாம்.

இரண்டாவது வழியில் வேலை வேகமாக முடியும். குழாய் வளைக்கவும் இழுக்கவும் ஆள் தேவையில்லை. வெப்பமும் நன்றாக வெளியேறும். மரச்சட்ட வீடுகள் அதிகமுள்ள அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே விதி கைகட்டி நிற்கவில்லை. பெட்டியிலிருந்து 300 மி.மீ.க்குள் ஒரு பிடிப்பு, அதன்பின் 1.4 மீட்டருக்குள் ஒன்று வீதம் இருக்க வேண்டும். மரச்சட்டத்தில் துளை போட்டு ஓட்டும்போது சட்டத்தின் விளிம்பிலிருந்து 32 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். முடியாவிட்டால் 1.6 மி.மீ. இரும்புத் தகடு அடிக்க வேண்டும். பின்னாளில் யாரோ அடிக்கப்போகும் ஆணியை மனதில் வைத்து எழுதிய விதி இது. உள்ளே இருக்கும் வயரின் உறை 90 டிகிரிக்குத் தகுதி பெற்றிருந்தாலும், இந்தக் கேபிளின் தாங்குதிறனை 60 டிகிரி அட்டவணையில்தான் எடுக்க வேண்டும். அதே நாட்டில் சிகாகோ நகரம் வீடுகளுக்கும் உலோகக் குழாயைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

செங்கல் வீட்டில் நேரடிக் கேபிளைப் புதைக்கும்போது பிரிட்டன் விதி பாதையைக் கட்டுப்படுத்துகிறது. சுவிட்ச் அல்லது பிளக் பாயிண்டிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் போகலாம். கூரையை ஒட்டிய 150 மி.மீ. பட்டையிலும், இரு சுவர் சந்திக்கும் மூலையின் 150 மி.மீ. பட்டையிலும் போகலாம். குறுக்காகப் போகவே கூடாது. சுவர் மேற்பரப்பிலிருந்து 50 மி.மீ.க்குக் குறைவான ஆழத்தில் இருந்தால் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி பாதுகாப்பு வேண்டும். எர்த் செய்த உலோகக் குழாய் அல்லது கவசம் இருந்தால் விலக்கு உண்டு. இந்தப் பாதை ஒழுங்கை எந்த நாட்டு வீட்டிலும், குழாய் போட்டாலும்கூட, அப்படியே கடைப்பிடிக்கலாம். வயர் மிச்சம் பிடிப்பதற்காகச் சுவரில் கோணலாகக் காடி வெட்டுவதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். பத்து வருடம் கழித்து அலமாரி மாட்ட டிரில் எடுப்பவருக்கு அந்தக் குறுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிய எந்த வழியும் இல்லை.

செங்கல், கான்கிரீட் வீடு என்றால் என் தேர்வு சந்தேகமே இல்லாமல் குழாய்தான். காரணம் ஒன்றே ஒன்று: வயரை வெளியே எடுக்க முடியும். மின்சாரத் தேவை எப்போதும் கூடிக்கொண்டே போகிறது. இன்றைக்கு ஒரு ஏசி, நாளைக்கு இண்டக்ஷன் அடுப்பு, அதற்கடுத்து மின்வாகன சார்ஜர். குழாய் சரியாக இருந்தால் பழைய வயரையே இழுகம்பியாக வைத்துப் புதியதை உள்ளே கொண்டுபோய்விடலாம். நேரடியாகப் புதைத்த கேபிளை மாற்ற வேண்டுமென்றால் சுவரைப் பிளக்க வேண்டும்.

ஆனால் இந்த நன்மை, குழாய் வேலை ஒழுங்காக நடந்திருந்தால் மட்டும்தான் கிடைக்கும். மூன்று அல்லது அதற்கு மேல் வயர்கள் போகும் குழாயின் உட்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் வயர் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. மற்ற நாட்டு அட்டவணைகளும் ஏறக்குறைய இதே கருத்தைத்தான் வேறு வடிவத்தில் சொல்கின்றன. இரண்டு இழுப்புப் பெட்டிகளுக்கு இடையே வளைவுகளின் மொத்தக் கோணம் 360 டிகிரியைத் தாண்டக் கூடாது, அதாவது நான்கு செங்கோண வளைவுகள். தளம் போடும்போது குழாயைப் போட்டுவிட்டு, நசுங்கியதா என்று பார்க்காமல் கான்கிரீட் கொட்டிவிட்டால், மேலே சொன்ன நன்மை அங்கேயே புதைந்துபோகும். கான்கிரீட் போடுவதற்கு முன் ஒவ்வொரு குழாயிலும் ஸ்பிரிங் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உழைப்பு கொஞ்சம்தான், பலன் கட்டடத்தின் ஆயுள் முழுக்க.

இணைப்புகள் விஷயத்தில் எல்லா விதிகளும் ஒரே குரலில் பேசுகின்றன: இணைப்பு பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும், அந்தப் பெட்டி கையெட்டும்படி இருக்க வேண்டும். குழாய்க்குள் டேப் சுற்றிய இணைப்பு என்பது விதிமீறல் மட்டுமல்ல. அது தளர்ந்து சூடாகும்போது பார்க்கவோ தொடவோ யாராலும் முடியாது. ஜங்ஷன் பாக்ஸ் அழகைக் கெடுக்கிறது என்று அதன்மேல் பூசி மறைக்கச் சொல்லும் வீட்டுக்காரர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆர்சிடி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்சிபி வயரைக் காக்கும், மனிதனைக் காக்காது. ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் சிறு பகுதி போதும்; 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது கணக்கிலேயே வராது. ஐஇசி விதியின் 2017 திருத்தம், பொதுமக்கள் பயன்படுத்தும் 32 ஆம்பியர் வரையிலான பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிடியைக் கேட்கிறது. வீட்டு விளக்கு சர்க்யூட்டுகளையும் அதற்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஆளைக் காக்கும் கருவி இன்னும் நுணுக்கமானது, 5 மில்லிஆம்பியர் அளவில் விழும். கூடவே, வயருக்குள் பொறி பறப்பதை உணரும் கருவியையும் 1999 பதிப்பில் படுக்கையறைகளில் தொடங்கி, பிறகு மற்ற அறைகளுக்கும் விரித்தார்கள். நேரடிக் கேபிள் போட்ட வீட்டில் ஆணி குத்தும் வாய்ப்பு அதிகம் என்பதால் இந்தக் கருவிகளுக்கு அங்கே வேலை அதிகம். குழாய் போட்டாலும் ஆர்சிடி வேண்டாம் என்று அர்த்தமில்லை. டிரில் பிட்டுக்கு முன்னால் பிவிசி குழாய் ஒரு தடையே அல்ல.

வணிகக் கட்டடம்: இங்கே கணக்கு மாறுகிறது

அலுவலகத்தில், கடைத்தொகுதியில், விடுதியில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டடம் பழக்கமில்லை. படி எங்கே இருக்கிறது என்று தெரியாது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்துவிடலாம். இங்கே புகை கண்ணை மறைத்தால் எங்கே போவதென்றே தெரியாது.

1980 நவம்பர் 21-ஆம் தேதி லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தீப்பிடித்தது. தரைத்தள உணவகம் ஒன்றின் சுவருக்குள் ஏற்பட்ட எர்த் ஃபால்ட், அதாவது மின்சாரம் எர்த்துக்குக் கசியும் பழுதுதான் தொடக்கம். 85 பேர் இறந்தார்கள். தீ எரிந்தது கீழ்த்தளத்தில். இறந்தவர்களில் பெரும்பாலோர் மேல்மாடிகளில் இருந்தவர்கள், புகையால் இறந்தவர்கள். படிக்கட்டு, லிஃப்ட் குழி, கட்டட இடைவெளிகள் வழியாகப் புகை மேலே ஏறிவிட்டது. வணிகக் கட்டடத்து வயரிங் விதிகளில் பாதி ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தச் சம்பவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனவே இங்கே முதல் முடிவு வழித்தடம் அல்ல, உறை. சாதாரண பிவிசி எரியும்போது அடர்ந்த கரும்புகையும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும். அந்த வாயு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம்: கண் எரியும், மூச்சு திணறும், எரியாத இடத்திலிருக்கும் கருவிகளைக்கூட அது அரித்துவிடும். எஃப்ஆர் என்று போட்டிருந்தால் தீ பரவுவது குறையும், புகை குறையாது. எஃப்ஆர்எல்எஸ் என்றால் தீப்பரவலும் புகையும் குறையும், ஆனால் அதுவும் பிவிசிதான். ஹாலஜனே இல்லாத குறைபுகைக் கேபிள் தனி வகை. எல்எஸ்இசட்எச் என்று அச்சிட்டிருக்கும். பெயர்களை நம்பாமல் சோதனை எண்ணைப் பாருங்கள். ஐஇசி 60332-1 என்பது ஒற்றைக் கேபிளில் தீ பரவுகிறதா என்ற சோதனை. 60332-3 கட்டாகப் போகும் கேபிள்களுக்கானது. 61034 புகை அடர்த்திக்கு, 60754 அமில வாயுவுக்கு. ட்ரேயில் நாற்பது கேபிள் ஒன்றாகப் போகும் இடத்துக்கு 60332-1 மட்டும் தேறிய கேபிளை வாங்குவது பெரிய ஏமாற்றம். தனியே எரியாதது கூட்டமாக நன்றாகவே எரியும். ஐரோப்பாவில் 2017 ஜூலை 1 முதல் கட்டடங்களில் நிரந்தரமாகப் போகும் கேபிள்களுக்குத் தீ வகுப்பு அச்சிடுவதே கட்டாயம்.

எல்எஸ்இசட்எச் விலை கூடுதல். உறையில் கனிம நிரப்பு அதிகம் என்பதால் பிவிசி அளவுக்கு நெகிழாது, முரட்டுத்தனமாக இழுத்தால் கீறும். வீட்டுக்கு அது கட்டாயமில்லை. அடுக்குமாடியின் பொதுப் படிக்கட்டிலும் நடைகூடத்திலும் இருப்பது நல்லது. மக்கள் கூடும் வணிகக் கட்டடத்தில் இந்தச் செலவைக் குறைக்க நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி வழித்தடம். கேபிள் ட்ரே, இரும்பு ட்ரங்கிங் (மூடி போட்ட செவ்வகப் பாதை), இரும்புக் குழாய், ஆர்மர்டு கேபிள் ஆகிய நான்கும் இங்கே போட்டியாளர்கள் அல்ல. ஒரே கட்டடத்தில் நான்குக்கும் இடம் உண்டு. எந்த இடத்தில் எது என்பதுதான் கேள்வி.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே முதன்மைப் பாதைக்கு ட்ரே. காற்று சுற்றிப் போவதால் தாங்குதிறன் அதிகம், பின்னால் சேர்ப்பதும் எடுப்பதும் சுலபம். கேபிளுக்கு மேலுறை இருக்க வேண்டும். ஒற்றை வயர்களைத் திறந்த ட்ரேயில் போடக் கூடாது. சீலிங் ஓட்டின்மேலேயே கேபிளைப் போட்டுவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது, எந்த விதியும் அதை ஏற்பதில்லை. மரச்சட்ட வீடுகளில் சுதந்திரமாகப் போகும் அந்த அமெரிக்க உறைக்கேபிளை, குடியிருப்பல்லாத கட்டடத்தில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் வெளிப்படையாக ஓட்ட அனுமதியில்லை. அந்தச் சீலிங் இடைவெளியே ஏசியின் திரும்பு காற்றுப் பாதையாக இருந்தால் கட்டுப்பாடு இன்னும் இறுகும். அங்கே எரியும் எதுவும் தன் புகையை நேராக எல்லா அறைகளுக்கும் அனுப்பிவிடும்.

கேபிளைத் தாங்கும் பொருளையும் கவனியுங்கள். தீயில் பிளாஸ்டிக் ட்ரங்கிங்கும் பிளாஸ்டிக் டையும் உருகி, கேபிள்கள் கொத்தாகத் தொங்கி, உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் அதில் சிக்கிய சம்பவங்கள் பிரிட்டனில் நடந்தன. அதன்பிறகு முதலில் தப்பிக்கும் வழிகளுக்கு என்றும், 2018-இல் வந்த 18-ஆம் பதிப்பில் கட்டடம் முழுமைக்கும் என்றும், தீயில் சீக்கிரம் அறுந்து விழாத பிடிப்புகளை அவர்கள் விதியாக்கினார்கள். நடைமுறையில் சில உலோகக் கிளிப்புகள் போதும். உங்கள் ஊர் விதியில் இது இல்லாவிட்டாலும் செய்துவிடுங்கள்.

ஆள் நடமாட்டமும் தள்ளுவண்டிகளும் உள்ள இடங்களில், கிடங்கில், இயந்திரங்களுக்கு இறங்கும் இடத்தில், தரையிலிருந்து கையெட்டும் உயரம் வரை இரும்புக் குழாய். அடி தாங்கும், எலி கடிக்காது. வெளிப்புறத்துக்கும் தரைக்கடியில் போகும் ஓட்டத்துக்கும், மெயின் போர்டிலிருந்து துணைப் போர்டுகளுக்கும் ஆர்மர்டு கேபிள். ஆர்மரை இரு முனையிலும் சரியான கிளாண்ட் (கேபிள் முனையைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் உலோகத் துண்டு) போட்டு எர்த்தோடு இணைப்பது முக்கியம். கிளாண்ட் தளர்வாக இருந்தால், ஃபால்ட் வரும்போது மின்னோட்டம் போதுமான அளவு ஓடாது. 230 வோல்ட் டிஎன் அமைப்பில் (கட்டடத்தின் எர்த், விநியோகத்தின் எர்த்தோடு கம்பியால் இணைந்திருக்கும் அமைப்பு) கருவிகளுக்கு நேராகப் போகும் கடைசி சர்க்யூட்டுகள் 0.4 விநாடிக்குள் அறுபட வேண்டும் என்று ஐஇசி கேட்கிறது. எர்த் பாதையில் ஒரு மோசமான இணைப்பு போதும், அந்த நேரம் விநாடிகளாக நீண்டுவிடும்.

இரும்பு வரும் இடத்தில் ஒரு பிழையை அடிக்கடி பார்க்கலாம். ஒரு சர்க்யூட்டின் பேஸ் ஒரு இரும்புக் குழாயிலும், நியூட்ரல் இன்னொன்றிலும் போகும். அப்படிப் போனால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யாது. இரும்பிலேயே மின்னோட்டம் தூண்டப்பட்டு அது சூடேறும். ஒரு சர்க்யூட்டின் எல்லா வயர்களும் ஒரே இரும்புக் குழாயில், ஒரே துளை வழியாகப் போக வேண்டும். இதே காரணத்தால்தான் ஒற்றைக் கோர் கேபிளுக்கு இரும்பு ஆர்மர் போடாமல் அலுமினிய ஆர்மர் போடுகிறார்கள்.

நியூட்ரலில் வணிகக் கட்டடத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கணினிகளும் எல்இடி டிரைவர்களும் மூன்றாம் ஹார்மோனிக்கை, அதாவது வழக்கமான அதிர்வெண்ணைப் போல மூன்று மடங்கில் ஓடும் மின்னோட்டத்தை, உண்டாக்குகின்றன. மூன்று பேஸிலும் வரும் அந்தப் பகுதி நியூட்ரலில் ஒன்றையொன்று கழிக்காமல் கூடிவிடும். மூன்றாம் ஹார்மோனிக் 15 சதவீதத்தைத் தாண்டினால் கேபிளின் தாங்குதிறனை 0.86-ஆல் குறைக்கச் சொல்கிறது ஐஇசி. 33 சதவீதத்தைத் தாண்டினால் நியூட்ரலில் ஓடுவதை வைத்தே கேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நியூட்ரலுக்குப் பாதி அளவு போதும் என்ற பழைய வழக்கத்தை அலுவலகக் கட்டடத்தில் முற்றிலும் கைவிட வேண்டும்.

எக்ஸ்எல்பிஇ (குறுக்கிணைப்பு செய்த பாலிஎதிலீன்) உறை இங்கே அதிகம் பயன்படும். பிவிசிக்கு 70 டிகிரி எல்லை, இதற்கு 90. ஷார்ட் சர்க்யூட்டின்போது பிவிசி 160 டிகிரி வரை தாங்கினால் இது 250 வரை தாங்கும். 40 டிகிரி வெப்பத்தில் பிவிசிக்கு 0.87 என்றால் இதற்கு 0.91, 50 டிகிரியில் 0.71-க்கு எதிராக 0.82. வெப்ப நாடுகளுக்கு நல்ல தேர்வு. ஆனால் 90 டிகிரி அட்டவணையை அப்படியே எடுத்துக் கேபிளைச் சிறியதாக்கிவிடக் கூடாது. கேபிள் போய்ச் சேரும் பிரேக்கரின் டெர்மினல் பெரும்பாலும் 70 டிகிரிக்குத்தான் வடிவமைத்திருக்கும். கேபிள் தாங்கும், டெர்மினல் கருகும்.

துளைகளும் தீயும்

கேபிள் சுவரையோ தளத்தையோ கடக்கும் துளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டெண்டரில் ஒரு வரியாக இருக்கும், வேலையின் கடைசி நாளில் மறந்துபோகும். அமெரிக்காவின் பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில் 1975 மார்ச் 22 அன்று, கேபிள் துளைகளை அடைத்த நுரையில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று ஒரு மெழுகுவர்த்தியைக் காட்டிப் பார்த்தார்கள். நுரை பற்றிக்கொண்டது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமடைந்தன. பல மணி நேரம் எரிந்தது. துளையை அடைத்தால் மட்டும் போதாது, எதனால் அடைக்கிறோம் என்பதும் முக்கியம் என்று அந்தத் தீ காட்டிவிட்டது.

சுவர் இரண்டு மணி நேரம் தீ தாங்கும் என்றால், அதில் கேபிள் போகும் துளையின் அடைப்பும் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். இதில் வீட்டுக்கும் வணிகக் கட்டடத்துக்கும் விதியில் வித்தியாசம் இல்லை. துளைகளின் எண்ணிக்கையில்தான் வித்தியாசம். சாதாரண பாலியூரித்தேன் நுரையை அடித்து மூடுவது அடைப்பு ஆகாது. சோதித்துச் சான்று பெற்ற தீத்தடுப்புப் பூச்சு, பலகை அல்லது தலையணை வேண்டும். பின்னாளில் இணையக் கேபிள் போட வருபவர் அந்த அடைப்பைக் குத்தித் துளைத்துவிட்டுப் போவார். அதனால் ஆரம்பத்திலேயே கூடுதலாக ஒரு காலிக் குழாயை அடைத்து வைத்துவிடுவது நல்ல வழி.

அவசர சர்க்யூட்டுகள் தனி உலகம். அவசர விளக்கு, தீ எச்சரிக்கை, தீயணைப்புப் பம்ப், புகை வெளியேற்றும் விசிறி ஆகியவற்றின் கேபிள், கட்டடம் எரியும் நேரத்திலும் வேலை செய்ய வேண்டும். இங்கே ஐஇசி 60331 சோதனையில் தேறிய கேபிள் வேண்டும். இல்லாவிட்டால் செப்பு உறைக்குள் மக்னீசியம் ஆக்சைடு நிரப்பிய கனிமக் கேபிள் போடலாம். கனிமக் கேபிளில் எரிய எதுவுமே இல்லை, புகையும் வராது. விலையும் வேலைக்கூலியும் அதிகம், முனைகளை முடிக்கத் தேர்ந்த கை வேண்டும். தீ தாங்கும் கேபிளை பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டினால் பயனில்லை. கிளிப் உருகியதும் கேபிள் தன் எடையிலேயே இழுபட்டு அறுந்துவிடும்.

கீழே கடை, மேலே வீடு

கடைசியாக, விதிப் புத்தகங்களின் இரண்டு பகுதிகளும் மோதிக்கொள்ளும் இடம். ஒரே கட்டடத்தில் கீழே கடைகள், மேலே குடியிருப்பு. பலர் இதை மொத்தமாக வீட்டுக் கணக்கில் செய்துவிடுகிறார்கள். இது ஆபத்தானது. கீழே எரிவதன் புகை மேலே தூங்குபவர்களைத்தான் முதலில் அடையும்.

இப்படிப்பட்ட கட்டடத்துக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. கடைப் பகுதியிலும், பொது நடைகூடத்திலும், மேலே ஏறும் ரைசர் குழியிலும் வணிகக் கட்டட விதி: எல்எஸ்இசட்எச் உறை, உலோகப் பிடிப்பு, ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்பு அடைப்பு. ரைசரில் ஆர்மர்டு கேபிள் அல்லது, வீடுகளின் எண்ணிக்கை அதிகமென்றால், பஸ்பார் ட்ரங்கிங் (பெட்டிக்குள் கேபிளுக்குப் பதில் உலோகப் பட்டைகள்). கடைகளின் மீட்டரும் வீடுகளின் மீட்டரும் தனித்தனிப் பெட்டிகளில், அந்தப் பெட்டிகள் படிக்கட்டுக்கு அடியில் இல்லாமல். வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே போனதும் வீட்டு முறை: பிவிசி குழாய், ஒற்றை வயர், சமையலறைக்கும் ஏசிக்கும் தனிக் குழாய், எல்லாவற்றுக்கும் தலையில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி. ஒரே ஆர்சிடி போட்டு மொத்த வீட்டையும் இருட்டாக்காமல், இரண்டு மூன்றாகப் பிரிப்பது நல்லது. கடைக்காரர்கள் மாறும்போதெல்லாம் வயரிங்கைத் தங்கள் விருப்பப்படி இழுத்துக்கொள்வார்கள். அதனால் ஒவ்வொரு கடைக்கும் உள்ளே ஒரு துணைப் போர்டு, அதுவரை மட்டும் கட்டட உரிமையாளர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். புதிய கடைக்காரர் வேலை முடித்ததும் இன்சுலேஷன் தடை, எர்த் லூப் (ஃபால்ட் மின்னோட்டம் ஓடும் பாதையின் தடை), ஆர்சிடி விழும் நேரம் மூன்றையும் சோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, மீட்டர் அறையில் ஒரு பிரதி வையுங்கள்.